எட்மண்டும் கடலோரத்து அடுப்பும்

எட்மண்டை வேலை நேரத்தில் பார்த்த எவரும் ஆள் தூங்குகிறார் என்றுதான் சொல்வார்கள். நாற்காலியில் சாய்ந்து, இரண்டு பாதங்களையும் தரையில் அழுத்தி வைத்து, கண்ணை முக்கால்வாசி மூடியிருப்பார். எதிரே சுவர் நீளத்துக்கு மீட்டர்கள் இருக்கும். அவற்றை அவர் பார்ப்பது குறைவு. தளத்துக்குக் கீழே டர்பைன் சுழலும் அதிர்வு சிமென்ட் வழியாக ஏறி அவர் காலுக்கு வந்துசேரும். அதில் சிறு மாற்றம் தெரிந்தாலே கண்ணைத் திறந்து, “எங்கயோ ஒரு பெரிய மெஷின் நின்னு போச்சு மூக்கா” என்பார். மூக்கன் அவருக்கு உதவியாள், அவரைவிட ஆறு வயது இளையவர். பாதி நேரம் எட்மண்ட் அண்ணன் நிஜமாகவே தூங்குகிறார் என்பது மூக்கனின் கட்சி. இரண்டுமே உண்மையாக இருக்கலாம்.

அந்தப் பவர் ஹவுஸ் குந்தா மலையில், பிக்கட்டி ஊருக்குக் கீழே, பள்ளத்தாக்கின் அடியில் இருந்தது. மேலே அணை. அணையிலிருந்து மலையைக் குடைந்து ஒரு சுரங்கம். சுரங்கத்தின் வாயிலிருந்து இரும்புக் குழாய் செங்குத்தாக இறங்கும். அதில் வரும் தண்ணீர் ஒரு குறுகலான துவாரம் வழியே பீய்ச்சியடித்து டர்பைன் சக்கரத்தைச் சுற்றும். எட்மண்டின் அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து அந்தச் சுரங்கம் வெட்ட வந்தவர், பாறைக்கு வெடி வைக்கும் கூட்டத்தில் இருந்தவர். முதல் தண்ணீர் சுரங்கத்தில் வந்த நாளில் எல்லாரும் கைதட்ட, அப்பா மட்டும் தட்டாமல் அழுதுகொண்டு நின்றதைச் சிறுவன் எட்மண்ட் பார்த்திருக்கிறார். அன்றைக்கே அந்தத் தண்ணீர்மேல் அவருக்கு ஒரு பங்காளி உரிமை வந்துவிட்டது. வளர்ந்து அதே இடத்தில் ஹெல்ப்பராகச் சேர்ந்தார், ஆபரேட்டர் ஆனார். வீட்டில் அப்பா அம்மா பேசிய திருநெல்வேலிப் பேச்சு போய், கோயமுத்தூர்ப் பேச்சு நாக்கில் குடியேறிவிட்டது.

கீழே இறங்க ரோடு கிடையாது, வின்ச்தான். சரிவில் போட்ட தண்டவாளத்தில் இரும்புக் கயிறு கட்டி இழுக்கும் திறந்த பெட்டி அது. ஊழியர்கள் குடியிருந்த காலனிக்கு அரிசி வந்ததும், பிரசவத்துக்குப் பெண்கள் போனதும், செத்தவர்கள் மேலே போனதும் அந்தப் பெட்டியில்தான். மேலே வின்ச் ரூமில் இருப்பவர் வண்டியை விடுவதற்கு முன்னால் கீழே போன் செய்து, யார் யார் ஏறியிருக்கிறார்கள் என்று பெயர் பெயராகச் சொல்வார். கீழே இருப்பவர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். அதன் பிறகுதான் கயிறு அசையும். கரண்ட் போனால் வண்டி நடுச்சரிவில் பிரேக் பிடித்து நின்றுவிடும். விழாது. ஆனால் கீழே பாதாளம், சுற்றிலும் மூடுபனி, எலும்பைத் துளைக்கிற காற்று. அங்கே தொங்கிக்கொண்டு ஜெபம் செய்யாத நாத்திகன் கிடையாது. அதனால் பவர் ஹவுஸில் எவரும் எழுதி வைக்காத சட்டம் ஒன்று இருந்தது. நின்ற மெஷின் மறுபடி எழுந்தால் முதல் கரண்ட் வின்ச்சுக்குப் போகும். மந்திரி பங்களா உட்பட மற்றதெல்லாம் அப்புறம்.

எண்பத்து மூன்றாம் வருடம் கல்பாக்கத்து அணுமின் நிலையம் லைனுக்கு வந்தது. தெற்கே இருக்கிற எல்லா மின் நிலையங்களும் ஒரே கம்பி வலையில் கட்டப்பட்டவை. ஒன்றின் வேகம்தான் எல்லாவற்றின் வேகமும். ஒன்று விழுந்தால் மற்றவை அதன் பாரத்தையும் சேர்த்துச் சுமக்க வேண்டும். அந்தக் கூட்டத்தில் புதிதாக வந்து சேர்ந்த இந்த அணுவைப் பற்றி எட்மண்ட் தீர விசாரித்தார். விசாரித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்.

“அணுவப் பொளக்கறாங்களாமா மூக்கா. பொளந்து என்ன பண்றாங்கன்னு கேட்டா, வெந்தண்ணி போடறாங்களாமா! அந்த ஆவியில சக்கரத்தச் சுத்தறாங்களாமா. இதுக்கு எங்கூட்டு அடுப்பே போதுமே.”

அன்றிலிருந்து அதற்கு அவர் வைத்த பெயர் ‘அடுப்பு’. மாநிலம் முழுவதும் எந்த நிலையம் எவ்வளவு கரண்ட் தர வேண்டும் என்று சென்னையிலிருந்து சொல்லுகிற லோடு டெஸ்பாட்ச் ஆபீசோடு பேசும்போதுகூட, “அடுப்பு எரியுதுங்களா?” என்று கேட்பார். நாட்டின் மொத்தக் கரண்டில் அணுவின் பங்கு நூற்றுக்கு இரண்டோ மூன்றோதான் என்று தெரிந்தபோது அவருக்குக் கொள்ளைச் சந்தோஷம்.

சிரிப்பு அடங்கியது மழை பொய்த்த ஒரு வருடத்தில். இரண்டு பருவமும் ஏமாற்றி, அணை வற்றி, எப்போதோ மூழ்கிப்போன மரங்களின் அடிக்கட்டைகள் சேற்றில் தலை நீட்டின. மெஷின் ஓடாமல் கிடந்தது. காலுக்கு ஒன்றும் தெரியாத தரையில் எட்மண்ட் பைத்தியம் பிடித்தவர் மாதிரி நடந்துகொண்டிருந்தார். ஒரு நாள் சாயங்காலம் சாப்பாடு போட்டுக்கொண்டே அவருடைய மனைவி ஞானசுந்தரி கேட்டாள். அவள் காலனிப் பள்ளிக்கூடத்து டீச்சர், கேள்வி கேட்பது அவள் தொழில்.

“ஏனுங்க, நம்ம மெஷின் நின்னு ஒரு மாசமாச்சு. இந்த பல்பு எப்படி எரியுது?”

எட்மண்ட் அண்ணாந்து பல்பைப் பார்த்தார். பதில் அவருக்குத் தெரிந்ததுதான். நெய்வேலியில் நிலக்கரி எரிகிறது, தூத்துக்குடியில் எரிகிறது, கல்பாக்கத்தில் அது எரிகிறது. ஆனால் நிலக்கரியை ஓயாமல் தோண்டிக்கொண்டோ கப்பலில் கொண்டுவந்துகொண்டோ இருக்க வேண்டும். அவருடைய மெஷினுக்கோ வானம் மனசு வைக்க வேண்டும். அந்தக் கடலோரத்து அடுப்பு மட்டும் மழையைக் கேட்கவில்லை, மூட்டை மூட்டையாக விறகும் கேட்கவில்லை. நூற்றில் இரண்டு பங்கென்றாலும் இரவும் பகலும் ஒரே மாதிரி எரிந்துகொண்டிருந்தது. முதல் தடவையாக எட்மண்டுக்கு அதன் மேல் மரியாதை வந்தது. அதை அவர் யாரிடமும் ஒப்புக்கொள்ளவில்லை.

அவர்களுக்கு ஒரே மகள், தபித்தாள். கோயமுத்தூரில் டிப்ளமோ முடித்தவளுக்குக் கல்பாக்கத்தில் வேலை கிடைத்தது. காலனியே பயந்தது. சோவியத் நாட்டில் உலை வெடித்த செய்தி இன்னும் யாருக்கும் மறக்கவில்லை. ஆனால் எட்மண்ட் பயப்படவில்லை. அவர் வால்வுக்காரர். வாழ்நாள் முழுவதும் அவர் கண்டது ஒன்றுதான்: எவ்வளவு வெறியோடு வருகிற தண்ணீராக இருந்தாலும், வால்வை மூடினால் சக்கரம் மெதுவாகி, முனகி, நின்றுவிடும். அதன் பிறகு ஒரு குழந்தைகூட அதன் மேல் கையை வைக்கலாம். மூடினால் முடிந்தது. அணுவுக்கும் அதுதான் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

“அங்கயும் ஒரு வால்வு இருக்காமப் போகுமா? என்னமோ ஒண்ணுன்னா மூடிப் போடுவாங்க. நீ போயிட்டு வா கண்ணு” என்று அவரே வின்ச்சில் ஏற்றி அனுப்பி வைத்தார்.

மூன்று வருடம் நன்றாகத்தான் போனது. தொண்ணூற்றாறில் தபித்தாள் ஈஸ்டர் லீவுக்கு வந்திருந்தாள். சாப்பிட உட்கார்ந்தபோது அவளுக்குப் பேச்சு ஓயவில்லை. உலைக்குள் வைக்கிற எரிபொருளைப் பற்றிச் சொன்னாள்.

“பயிற்சிக்கு ஒரு மாதிரிக் கட்டு வெச்சிருக்காங்கப்பா. நான் கையில தூக்கிப் பாத்தேன். ஒரு முழ நீளம். அஞ்சு வயசுப் புள்ளயத் தூக்கற கனம். சின்னச் சின்னக் குழாயா அடுக்கிக் கட்டியிருக்கும். உள்ள யுரேனியம். அந்த மாதிரி ஒரு கட்டு, நம்ம மெஷின் ஒன்றரை நாள் முழு லோடுல ஓடுனா என்ன குடுக்குமோ அத்தனையும் குடுக்கும்.”

எட்மண்ட் சோற்றைப் பிசைவதை நிறுத்தினார். ஒன்றரை நாள் முழு லோடு என்றால் அணையில் தண்ணீர் எவ்வளவு இறங்கும் என்பதைக் கரையில் நின்று பார்த்தவர் அவர். அத்தனை தண்ணீரும், அது விழுகிற அத்தனை உயரமும், அப்பா வெடி வைத்துக் குடைந்த மலையும் ஒரு முழக் கட்டுக்குள் போய் உட்கார்ந்துகொண்டன. கையைக் கழுவிவிட்டு வந்து, ஒரு பிள்ளையை ஏந்துவது போல இரண்டு கைகளையும் நீட்டினார்.

“இத்தனையூண்டா?”

“இத்தனையூண்டுதாம்ப்பா.”

நீட்டிய கைகளை அவர் வெகு நேரம் மடக்கவில்லை. ஞானசுந்தரிக்குச் சிரிப்பு வந்தது. பிறகு அவர் முகத்தைப் பார்த்துவிட்டு அடக்கிக்கொண்டாள். அந்த முகத்தை அவள் கோவிலில்தான் பார்த்திருக்கிறாள்.

அதோடு விட்டிருக்கலாம். எட்மண்ட் இன்னொன்று கேட்டார்.

“அத மூடறதுக்கு எத்தன நேரம் ஆகும்?”

“அதுக்கென்ன, கண்ண மூடித் திறக்கறதுக்குள்ள மூடிரும்.”

“அப்புறம் எல்லாரும் கால நீட்டித் தூங்க வேண்டியதுதான்?”

தபித்தாள் சிரித்தாள். “மூடுன பொறகுதாம்ப்பா எனக்கு வேலையே. பொளந்துபோன அணுவெல்லாம் உள்ளதான இருக்குது? அது தானாச் சூடு விட்டுட்டே இருக்கும். மூடுன உடனே பாத்தா நூத்துக்கு ஆறு ஏழு பங்கு சூடு இருக்கும். கொஞ்சங் கொஞ்சமாக் குறையும். ஆனா நாள் கணக்குல, மாசக் கணக்குல விடாமத் தண்ணி ஓட்டிட்டே இருக்கோணும். அந்தத் தண்ணிய ஓட்டற பம்புதான் என் செக்‌ஷன்.”

“ஆறு ஏழு பங்குன்னா நம்ம மெஷினுக்கு எத்தன?”

“நம்ம மெஷினோட முழு பலத்த மாதிரி ரெண்டு மடங்குக்கு மேலயே வரும்ப்பா.”

மூடிவிட்ட பிறகு மிச்சமிருப்பது, தன் மெஷின் உயிரைக் கொடுத்து ஓடுவதைவிட இரண்டு மடங்கு. எட்மண்டின் தலைக்குள் ஏதோ ஒன்று கழன்று விழுந்தது. மூடினாலும் அடங்காத ஒன்று இந்த உலகத்தில் இருக்கிறது. அதன் பக்கத்தில் தன் பெண் நின்றுகொண்டிருக்கிறாள். மற்றவர்கள் ஓடலாம் என்று நினைக்கிற நேரத்தில் நிற்க வேண்டியவள் அவள்தான்.

“நீ இனி அங்க போக வேண்டாம் கண்ணு” என்றார்.

மூன்று நாள் வீட்டில் ரகளை. தபித்தாள் படம் போட்டுக் காட்டினாள், ஒரு பம்பு நின்றால் இன்னொன்று, அதுவும் நின்றால் டீசல் என்று விளக்கினாள். எட்மண்ட் காதில் எதுவும் ஏறவில்லை. கடைசியில், ஈஸ்டர் ஆராதனை முடிந்து கோவில் வாசலில் நிற்கும்போது, அவள் கையைத் தன் பைபிளின் மேல் இழுத்து வைத்து, ஜூன் மாதத்தோடு வேலையை விட்டுவிட்டு வந்துவிடுகிறேன் என்று சத்தியம் வாங்கிவிட்டார். குன்னூரில் ஒரு பள்ளிக்கூட லேபில் வேலைக்குச் சொல்லியும் வைத்தார். தபித்தாள் அழுதுகொண்டே வண்டி ஏறினாள். ஞானசுந்தரி புருஷனோடு பேசுவதை நிறுத்தினாள். நிறுத்துவதற்கு முன் ஒன்றே ஒன்று சொன்னாள்.

“எம்புள்ள படிச்ச படிப்பு உங்க பயத்துக்குத் தீனியாப் போச்சுங்க.”

ஜூன் பாதியைத் தாண்டியது. தென்மேற்குப் பருவம் உக்கிரமாக வந்து, மலை முழுவதும் மழையும் காற்றுமாகக் கிடந்தது. ஒரு நாள் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு மேலே வின்ச் ரூமிலிருந்து போன் வந்தது.

“வண்டி விடறனுங்க. இன்ஜினியர் ஞானசீலன், ஞானசுந்தரி டீச்சர், அரிசி மூட்டை ரெண்டு.”

“இன்ஜினியர் ஞானசீலன், ஞானசுந்தரி டீச்சர், அரிசி மூட்டை ரெண்டு” என்று எட்மண்ட் திருப்பிச் சொன்னார். பிக்கட்டிச் சந்தைக்குப் போயிருந்த மனைவி திரும்பி வருகிறாள். இன்றைக்காவது பேசுவாளா என்று நினைத்தபடி நாற்காலியில் சாய்ந்தார்.

கொஞ்ச நேரத்தில் காலுக்குக் கீழே தரை சிலிர்த்தது. கண்ணைத் திறந்தார். எங்கோ ஒரு மெஷின் விழுந்திருக்கிறது. அந்தப் பாரத்தை வாங்கிக்கொண்டு அவருடைய டர்பைன் உறுமியது. உடனே இன்னொன்று விழுந்தது, பிறகு ஒரேயடியாக வரிசையாக. டர்பைனின் குரல் இழுபட்டு, கம்மி, திணறியது. பேனலில் கரண்டைத் துண்டிக்கும் பிரேக்கர்கள் படபடவென்று தெறித்தன. விளக்குகள் அணைந்தன. சக்கரம் முனகி முனகி நின்றது. அதன் பிறகு வெளியே ஆற்றின் சத்தமும் மழையின் சத்தமும் மட்டும் கேட்டன.

பேட்டரியில் ஓடுகிற லோடு டெஸ்பாட்ச் போன் அடித்தது. அங்கே பேசியவர் மூச்சுவிடாமல் சொன்னார்.

“தெற்கு மொத்தமும் விழுந்துருச்சு. சென்னை, பெங்களூர், திருவனந்தபுரம் எல்லாம் இருட்டு. வெளிக் கரண்ட் இல்லாம எழும்பக்கூடியது உங்கள மாதிரி தண்ணியில ஓடற சில ஹைட்ரோதான். எழுப்ப முடியுமா?”

“முடியுங்க.”

“எழுப்பி, பெரிய லைனுக்கு மட்டும் கரண்ட் ஏத்துங்க. வழியில மத்த ஹைட்ரோவ நான் சேக்கறேன். முதல் சப்ளை கல்பாக்கத்துக்கு. உலைய மூடிட்டாங்க, ஆனா அதுக்கு அப்புறமும் சூடு…”

“தெரியுங்க” என்றார் எட்மண்ட். “பம்பு?”

“டீசல்ல ஓடுது. சீக்கிரம் வெளிக் கரண்ட் போகணும்.”

ஷிப்ட் இன்ஜினியர் நடுச்சரிவில் தொங்குகிறார். கீழே எட்மண்டும் மூக்கனும்தான். இருவரும் வால்வைக் கையால் சுற்றினார்கள். தண்ணீர் சக்கரத்தில் அடித்தது. எட்மண்ட் டர்பைனின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னரின் கைச்சக்கரத்தைப் பிடித்து வேகத்தை ஏற்றினார். விளக்கு மங்கலாக வந்து பிரகாசமானது. அதே நேரத்தில் சரிவிலிருந்து மணி அடித்தது. வண்டியில் தொங்குகிறவர்கள் இழுக்கிற மணி.

எட்மண்டின் கை தானாகப் போனது. அது யோசித்துச் செய்த காரியமே இல்லை. வின்ச் சுவிட்சைப் போட்டார். போட்டுவிட்டு, லைனின் பிரேக்கரையும் போட்டார். மேலே வின்ச் மோட்டார் வண்டியைச் சடக்கென்று இழுத்தது. துணைக்கு யாரும் இல்லாமல் தனியாக ஓடிக்கொண்டிருந்த மெஷின் அந்த இழுப்பில் குலுங்கியது, வேகம் தடுமாறியது, லைனின் பிரேக்கர் தெறித்தது. மறுபடியும் இருட்டு.

“என்னங்க பண்ணுனீங்க?” என்று போன் கத்தியது.

“வின்ச்சுல ஆளுங்க…”

“விழுவாங்களா?”

“விழ மாட்டாங்க.”

“அப்ப வேற எதுவும் வேண்டாம். லைன் மட்டும். அது கெட்டியா நிக்கற வரைக்கும் மெஷின் வேகம் அசையக் கூடாது.”

மறுபடி வால்வு, மறுபடி கைச்சக்கரம். விளக்கு வந்தது. சரிவில் மணி விடாமல் அடித்தது. மூக்கன் வின்ச் சுவிட்சின் பக்கத்தில் போய் நின்றுகொண்டார்.

“அண்ணே, அக்கா மேல நனஞ்சுட்டு நிக்கறாங்கண்ணே. இத்தன வருசத்துல நாம யாரையும் இப்படி உட்டதில்லீங்களே.”

“அந்தச் சுவிட்சுல கை வெச்சீன்னா ஒடச்சுப் போடுவேன்” என்றார் எட்மண்ட். சொல்லும்போதே அவருக்குக் கண்ணில் நீர் கொட்டியது. ஆனால் கை மட்டும் கைச்சக்கரத்தில் இம்மி அசையவில்லை.

லைனின் பிரேக்கரைப் போட்டார். மெஷின் ஒரு நிமிஷம் மூச்சை இழுத்துப் பிடித்தது. எட்மண்டும் பிடித்தார். லைன் விழாமல் நின்றது. வழியில் இன்னொரு ஹைட்ரோ வந்து ஒட்டிக்கொண்டதைக் கால் சொன்னது. மலையை விட்டிறங்கி, சமவெளியைத் தாண்டி, பேர் தெரியாத ஊர்களின் வயல்களுக்கு மேலாக அந்தக் கம்பி உயிர் பெற்றுக்கொண்டே போனது. வழியில் ஒரு தெருவிளக்குக்கும் கொடுக்கவில்லை. ஆஸ்பத்திரிகள் இருட்டில் இருந்தன, ரயில்கள் பாதிவழியில் நின்றன, சென்னையே இருட்டில் இருந்தது. அத்தனையையும் ஓரமாக நிற்கச் சொல்லிவிட்டு, கைப்பிடியளவு கரண்ட் கடற்கரையை நோக்கிப் போனது.

போன் மெதுவாகப் பேசியது. “இப்ப அவங்க எடுக்கப் போறாங்க. பாத்துக்குங்க.”

எட்மண்ட் இப்போது தன் பாதங்களை நம்பவில்லை. மீட்டரையே பார்த்துக்கொண்டு நின்றார். முள் ஒரு நூலளவு நகர்ந்தது. மறுபடி ஒரு நூலளவு.

பம்பு.

மாநிலத்தின் மறுகோடியில், கடலோரத்தில், மூடினாலும் அடங்காத அந்த நெருப்பைச் சுற்றித் தண்ணீர் ஓட்டும் பம்பு டீசலை விட்டு வெளிக் கரண்டுக்கு மாறியிருக்கிறது. அதை ஓட்டுவது குந்தா மலையில் பெய்த மழை. அப்பா குடைந்த சுரங்கத்தின் வழியே வந்து, இந்தச் சக்கரத்தில் விழுந்து, கம்பியில் ஏறி, அவர் மகள் நிற்கிற அறைக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. அவ்வளவு பெரிய ஒன்று, மனிதன் கண்டதிலேயே பெரிய நெருப்பு, ஒரு வாய்த் தண்ணீருக்குக் காத்துக்கொண்டிருந்தது. அந்தத் தண்ணீர் தவறாமல் போய்ச் சேர வேண்டும் என்று இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் முகம் தெரியாத எத்தனையோ பேர் கையை அசைக்காமல் நின்றுகொண்டிருந்தார்கள். அதை யாரும் தனியாக விடவில்லை. தபித்தாளையும் யாரும் தனியாக விடவில்லை. மூக்கன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே எட்மண்ட் தேம்பித் தேம்பி அழுதார், கைச்சக்கரத்தை விடாமல்.

மெஷின்கள் போதுமான அளவு சேர்ந்து, லைன் கெட்டியாகி, வின்ச்சுக்குக் கரண்ட் கொடுக்கலாம் என்று உத்தரவு வர வெகு நேரமாகிவிட்டது. வண்டி கீழே வந்தபோது இன்ஜினியர் ஞானசீலனின் உதடுகள் நீலம் பாரித்திருந்தன. அவர் பேனலைப் பார்த்தார், போனில் இரண்டு வார்த்தை கேட்டார், எட்மண்டின் தோளைத் தொட்டுவிட்டுக் குளிர்காய நெருப்பு மூட்டப் போனார். ஞானசுந்தரி கம்பி முறிந்த குடையோடு, தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட நின்றாள். இரண்டு மாதத்துக்குப் பிறகு வாயைத் திறந்தாள்.

“முதல் கரண்ட் வின்ச்சுக்குன்னு ஊருக்கெல்லாம் சொல்லுவீங்களே. பொண்டாட்டி தொங்கறான்னா மட்டும் அது கெடையாதாக்கும்?”

“தபித்தாளோட பம்புக்கு அனுப்பிச்சேன்” என்றார் எட்மண்ட்.

மூக்கன்தான் நடந்ததைச் சொன்னார். கேட்கக் கேட்க ஞானசுந்தரியின் கோபம் எங்கே போனதென்றே தெரியவில்லை. ஈரச் சேலையோடு போய் அந்த மீட்டரின் முன்னால் நின்றாள்.

“எந்த முள்ளுங்க?”

காட்டினார். அவள் அதன் கண்ணாடியின் மேல் உள்ளங்கையை வைத்தாள். பேனலில் கை வைக்கக் கூடாது என்பது அங்கே குழந்தைக்குக்கூடத் தெரியும். அன்றைக்கு யாரும் தடுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் இருவரும் பிக்கட்டிக்கு ஏறிப்போய் எஸ்டிடி பூத்திலிருந்து தபித்தாளின் ஹாஸ்டலுக்குப் போன் போட்டார்கள். வரிசையில் நாலைந்து பேர் நின்றதால் எட்மண்ட் முதலில் தயங்கினார், பிறகு எல்லாருக்கும் கேட்கும்படி கத்தினார்.

“அன்னிக்கு நீ எங்க இருந்தே?”

“பம்பு பக்கத்துலதாம்ப்பா. பயப்படாதீங்க. டீசல் நல்லாத்தான் ஓடுச்சு, ஒரு ஆபத்தும் இல்ல. ஆனா வெளிக் கரண்ட் வந்துச்சுன்னு சொன்னதும் எல்லாரும் ஒரே நேரத்துல மூச்சு விட்டோம். எங்கயோ மலையில ஹைட்ரோவ எழுப்பிக் குடுத்தாங்களாமா.”

எட்மண்ட் ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

“பயமா இருந்துச்சா கண்ணு?”

“இருந்துச்சுப்பா. அதுக்காகத்தான நாங்க அங்க நிக்கறது?” அவள் பேச்சை மாற்றினாள். “நாளைக்கு ஆபீஸ்ல சொல்லிருவேன். சத்தியம் பண்ணியிருக்கறனே, முப்பதாம் தேதியோட விட்டுட்டு வந்தர்றேன்.”

எட்மண்ட் பூத்தின் மரத்தடுப்பைப் பிடித்துக்கொண்டார். பயம் அவரை விட்டுப் போகவில்லை, முன்னைவிடப் பெரிதாகத்தான் இருந்தது. ஆனால் அந்தப் பயத்துக்குப் பக்கத்தில் இப்போது இன்னொன்றும் நின்றது.

“வேண்டாம் சாமி. சத்தியம் வாங்குனது நானு, திருப்பிக் குடுக்கறதும் நானு. ஆண்டவர் கோவிச்சுக்கிட்டா எங்கிட்டக் கோவிச்சுக்கட்டும். நீ அங்க இல்லீன்னா நான் இங்கிருந்து யாருக்கு லைன் ஏத்தறது?”

மறுமுனையில் தபித்தாள் விசும்புவது கேட்டது. ஞானசுந்தரி அவர் கையிலிருந்து ரிசீவரைப் பிடுங்கினாள். மழையில் நின்றதில் அவளுக்கு இன்னும் ஜலதோஷம் விடவில்லை.

“இந்தா பாரு தபித்தா. உங்கப்பன் என்னைய மழையில பாதாளத்துக்கு மேல தொங்க உட்டுப்போட்டு உனக்குக் கரண்ட் அனுப்பியிருக்காரு. இதுக்கப்புறம் நீ மட்டும் வேலைய உட்டுட்டு வந்து வாசல்ல நில்லு, அப்ப இருக்குது உனக்கு.”